மறையனின் குரைப்பும் செவலியின் பாலும்

காட்டை ஒட்டிய ஏரிக்கரையில் ஓர் ஆட்டு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் காவல், மறையன் என்ற நாய்.

பத்து நாளைக்கு முன்பு மறையன் சற்றே கண்ணயர்ந்தபோது, ஓநாய் ஒரு கிடாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று முதல் மறையன் உட்காரவே இல்லை. இலை அசைந்தால் குரைத்தான். தவளை தண்ணீரில் குதித்தால் குரைத்தான். ஆடுகள் மேய்ச்சலை விட்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"எவ்வளவு ஒற்றுமையாக நிற்கிறார்கள்! எல்லாம் என் காவல்தான்!" என்று அவன் நினைத்துக்கொள்வான். ஆனாலும் அடுத்த நொடியே இன்னொரு நினைப்பும் வரும். அன்று தூங்கியவன்தானே நான்? இனி என்னை யார் நம்புவார்கள்?

பத்தாம் நாள் காலையில் செவலி என்ற ஆடு குட்டி ஈன்றது. மேய்ப்பர் குட்டியைத் துடைத்துவிட்டு, தழை வெட்டக் காட்டுக்குள் போனார். குட்டி தள்ளாடி எழுந்து மடியை முட்டியது. பால் வரவில்லை. மறுபடி முட்டியது. வரவில்லை. வெயில் ஏற ஏற அதன் தலை தொங்கியது. பொழுது சாய்வதற்குள் குடிக்காவிட்டால் அது பிழைக்காது என்று மறையனுக்குத் தெரியும்.

புதருக்குள்ளிருந்து ஒரு நரி எட்டிப் பார்த்தது.

"மறையண்ணே! வடக்குக் கரையில் ஓநாய்! என் கண்ணால் பார்த்தேன்!"

மறையன் குரைத்துக்கொண்டே பாய்ந்து ஓடினான். வடக்குக் கரையில் ஒரு கொக்குதான் நின்றது.

"எங்கேய்யா ஓநாய்?" என்று கேட்டான்.

"ஓநாயா? உன் சத்தத்தில் என் மீன்தான் ஓடிப்போச்சு!" என்று கொக்கு எரிந்து விழுந்தது.

அவன் திரும்பி வரும் சத்தம் கேட்டு, புதரை விட்டு வெளியே வந்திருந்த நரி மறுபடி உள்ளே பதுங்கியது. மூச்சிரைக்க வந்தவன், செவலியைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தான். "பயப்படாதே செவலி! நான் இருக்கிறேன்! பயப்படாதே!"

செவலி குட்டியை மறைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"நீ இருப்பதுதான் பயமே! ஓநாய் ஒருநாள் வந்தது, போனது. நீ பத்து நாளாகக் கத்துகிறாய். நெஞ்சு படபடக்கும்போது எனக்குப் பால் எப்படி இறங்கும்?"

மறையன் குரைப்பதை நிறுத்தினான். ஓநாய் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேனா?

"நான் என்ன செய்யட்டும்?" என்று மெல்லக் கேட்டான்.

"சும்மா படு."

மறையன் அவள் அருகில் படுத்தான். அது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சருகு சலசலத்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். நெடுநேரம் கழித்து அவன் மூச்சு சீரானது. அவன் விலாவோடு ஒட்டியிருந்த செவலியின் மூச்சும் சீரானது. குட்டி தட்டுத் தடுமாறி மறுபடி மடியை முட்டியது.

"அண்ணே! இப்போ தெற்குக் கரையில் ஓநாய்! ஓடுங்க!" என்றது நரி.

மறையன் மோப்பம் பிடித்தான். காற்று தெற்கிலிருந்துதான் வீசியது. அதில் ஓநாய் வாடையே இல்லை. பக்கத்திலிருந்து நரியின் வாடைதான் வந்தது.

"வந்தால் பார்த்துக்கொள்ளலாம் தம்பி. நீ ஏன் அங்கே போகாமல் குட்டி பக்கமே நகர்ந்து வருகிறாய்?"

நரி முன்னே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. மறையன் எழுந்தான். குரைக்கவில்லை. நரியின் கண்ணைப் பார்த்தபடி நிதானமாக இரண்டு அடி முன்னே வைத்தான், அவ்வளவுதான். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது.

பின்னால் சப்பும் சத்தம் கேட்டது. குட்டியின் வால் துடித்தது. கடைவாயில் பால் நுரைத்தது.

"இறங்கிவிட்டது!" என்றாள் செவலி. "இங்கேயே படுத்திரு மறையா."

ஆடுகள் ஒவ்வொன்றாகக் கலைந்து மேயத் தொடங்கின. மறையன் காதை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பத்து நாளில் முதல் தடவையாக உடம்பை நீட்டிப் படுத்தான்.

பிறரைக் காக்க நினைப்பவன் முதலில் தன் பதற்றத்தை அடக்க வேண்டும். அவன் மனம் அமைதியானால்தான் அவனை நம்பியிருப்பவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.