பூபதி ஊரை விற்ற கதை

பாவாத்தாள் மாவு மில்லுக்கு மேலே ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் பூபதி கோபிசெட்டிப்பாளையத்தில் வந்து இறங்கினான். பெண்டாட்டி கைக்குழந்தையோடு பிறந்த வீட்டில் இருந்தாள். வீடு பார்க்காமல் இந்தத் திசையில் தலைவைத்தும் படுக்காதே என்று மாமனார் சொல்லிவிட்டார்.

அவன் போன நேரம் கரண்ட் இல்லை. அரைக்க வேண்டிய மிளகாயும் ராகியும் தூக்குப் போசியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டவர்களுக்கு அவன் வந்தது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

"என்ன வேலைங் தம்பி?" என்றாள் பாவாத்தாள். புருவம் வரைக்கும் மாவு படிந்திருந்தது.

"ஆன்லைன்ல கேம் விளையாடி, அதுல கெடைக்கிற கத்தி, கேடயமெல்லாம் விக்கிறனுங்கக்கா. போன வாரம் ஒரு வாளைக் கொரியாக்காரன் எட்டாயிரத்துக்கு வாங்குனானுங்க."

இது சத்தியமான உண்மை. மில்லே சிரித்தது.

"வாளைக் கையில புடிக்க முடியுமா?" என்று கேட்டார் மாரப்பன். ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார்; மிளகாய் அரைக்க வந்தவர்.

"முடியாதுங்க. கேமுக்குள்ளதான் இருக்கும்."

"புடிக்க முடியாத வாளுக்கு எட்டாயிரம்! அவன் கொரியாக்காரனா, கிறுக்கனா?"

பூபதிக்குச் சுருக்கென்றது. உண்மைக்கே இந்த மரியாதை என்றால், பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுவோம் என்று ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வாளை உடுங்க. ஜப்பான்காரனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை வித்தேன். மறுநாளே போன் பண்றான், குதிரை எந்திரிக்கவே மாட்டீங்குதுன்னு. பாத்தா பட்டினி! அந்தியூர்ல கொள்ளு வாங்கி, ஊறவெச்சு, ராத்திரி செல்போனுக்குப் பக்கத்துல கிண்ணத்துல வெச்சுட்டுப் படுத்தேன். காலைல கிண்ணம் காலி. குதிரை டோக்கியோவுல நாலுகால் பாய்ச்சல்ல போகுது!"

ராகி கொண்டுவந்த அம்மா நிமிர்ந்தாள். "கொள்ளு கிலோ என்ன வெலைக்கு வாங்குனீங்க?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பூபதிக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அப்பறம் மழை வித்தேன். ஒரு கேம்ல பூராவும் பாலைவனம். மழை ஸ்டாக்கு எங்கிட்ட மட்டுந்தான். துபாய்க்காரன் மொத்தமாக் கேட்டான். அனுப்பறப்ப பட்டனை மாத்தி அமுக்கிட்டனுங்க. செல்லுலிருந்து கொட்டுது பாருங்க, எங்க தெருவுல முழங்கால் தண்ணி! பவானிசாகர் டேம் ரொம்புனதே அதுலதான்."

"வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம்னு ரேடியோவுல சொன்னானே?" மாரப்பன் விடவில்லை.

"நாந்தானுங்க அப்படிச் சொல்லச் சொன்னேன். வெளிய தெரிஞ்சா வீட்டு வாசல்ல வெவசாயிக க்யூ கட்டீருவாங்கல்ல?"

மாரப்பன் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார்.

இதற்குள் கரண்ட் வந்து பல்பு எரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பூபதிக்கு இப்போது நிறுத்தவும் தெரியவில்லை.

"கடைசியா ஒரு ஊரையே வித்தனுங்க! நானே கட்டுன ஊரு. தேர்வீதி, வாரச்சந்தை, பஸ் ஸ்டாண்டு. எங்க பாத்தாலும் மாடி வீடு. வாங்குன வெள்ளைக்காரன் சொந்தபந்தத்தோட அங்கயே குடிபோயிட்டான். பஞ்சாயத்து எலெக்சன் வெச்சாங்க. நான் நிக்கவே இல்ல, என்னையத் தலைவர் ஆக்கிட்டாங்க!"

பாவாத்தாள் கையிலிருந்த மாவைத் தட்டினாள்.

"அத்தன மாடி வீட்டையும் வித்தீங்களே, பொண்டாட்டி புள்ளைக்குன்னு ஒண்ணை நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதுங்களா? என்ற மாடிக்கு எதுக்குங் வந்தீங்க?"

மாரப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். ராகி அம்மாவுக்குப் புரை ஏறியது. பூபதி பெஞ்சிலிருந்து எழுந்தான். இந்த வீடும் போச்சு. மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? செருப்பைத் தேடினவன், எந்தச் சாமி புண்ணியமோ, திரும்பி நின்றான்.

"வெச்சுத்தானுங்கக்கா இருந்தேன். அந்த ஊர்த் தண்ணி கொழந்தைக்கு ஒத்துக்கல."

பாவாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மிஷின் ஸ்விட்சைப் போட்டு, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினாள்:

"இங்க மட்டும் காவேரியா வருது? போர்த் தண்ணி, உப்புக் கரிக்கும். சாவி அந்த ஆணியில தொங்குது, போய்ப் பாருங்க!"