கட்டாரி காது வளைந்த கதை

நாயும் நரியும் எலியும் ஆடும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடித் திரிந்த காலம் அது. அப்போது நாயின் காதுத் துளை மூங்கில் குழாய் மாதிரி நேராக இருக்கும். மடலை விலக்கிப் பார்த்தால் உள்ளே கடைசியில் காதுச் சவ்வு பறைத்தோல் போல விறைத்து நிற்பது தெரியும். நாய்களுக்கு அதில் கர்வம் வேறு. எறும்பு நடப்பது கேட்கிறது, புல் முளைப்பது கேட்கிறது என்று அளந்துவிடும். கேட்டிருக்கும், யார் இல்லை என்றார்கள்? ஆனால் சத்தம் நேராகப் போகிற வழியில் மற்றதும் நேராகத்தானே போகும்! அதை எந்த நாயும் யோசிக்கவில்லை.

கடைசியில் அது கட்டாரி என்ற பெட்டை நாயின் தலையில் விடிந்தது.

கட்டாரி கீதாரி வீட்டு நாய். ஆட்டு மந்தையை ஊர் ஊராக ஓட்டிப் போய், அறுவடை முடிந்த புஞ்சைகளில் உரத்துக்காக இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர்கள்தான் கீதாரிகள். காத்தமுத்துவும் அவர் பெண்சாதி இருளாயியும் காலையிலேயே மந்தையை மேய்ச்சலுக்குப் பத்திக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாய்ப் பிறந்த குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. மூங்கில் சிம்பில் முடைந்த பெரிய கூட்டைக் கவிழ்த்து, குட்டிகளை அதற்குள் விட்டுவிட்டுப் போவார்கள். தாய் ஆடுகள் திரும்பி வருகிறவரை கூட்டுக்குக் காவல் கட்டாரிதான். அந்த வேலையில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. கூட்டைச் சுற்றி ஒரு காக்கா இறங்கினாலும் விடமாட்டாள்.

அந்த வருசம் கண்மாய்க்கரைப் புஞ்சையில் கிடை போட்டார்கள். வரப்பெல்லாம் ஊசிப்புல் காய்ந்து நின்றது. அந்தப் புல்லின் விதை இருக்கிறதே, பொல்லாத சாதி. முனையில் ஊசி, பின்னால் சுணை. முன்னால் போகும், பின்னால் வராது. அப்படி ஒன்று கட்டாரியின் வலது காதுக்குள் விழுந்து, நேர் வழியில் விறுவிறுவென்று போய்ச் சவ்வில் தைத்துக்கொண்டது.

காது வீங்கியது. சீழ் கட்டியது. ஈ மொய்த்தது. இருளாயிக்கு மனசு தாங்கவில்லை. வேப்பெண்ணெயைக் காய்ச்சி, வெதுவெதுப்பாய்க் காதுக்குள் விட்டாள். நல்லதுக்குத்தான் செய்தாள். எண்ணெய் ஒரே ஓட்டமாக ஓடிப் புண்ணில் விழ, கட்டாரி போட்ட அலறலில் கண்மாய்க் கொக்கெல்லாம் பறந்துபோயின.

"அடி ஆத்தாடி, பாவி நான் இப்படிப் பண்ணிட்டேனே!" என்று இருளாயி அழுதேவிட்டாள்.

வலியைக்கூடக் கட்டாரி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. ஒற்றைக் காதால் சத்தம் கேட்கும், அது எந்தப் பக்கத்துச் சத்தம் என்று தெரியாது. ஒரு மத்தியானம் நரி கிழக்கே வந்தது. இவள் மேற்கே பாய்ந்து, யாருமில்லாத கருவேல மரத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது கூட்டில் ஒரு குட்டி குறைந்திருந்தது.

சாயங்காலம் தாய் ஆடு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. காத்தமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

"இது இனி சரிப்பட்டு வராது. கிடை அடுத்த புஞ்சைக்கு மாறும்போது இதை இங்கேயே விட்டுட்டு வேற நாய் பாத்துக்கிருவோம்."

"சும்மா இருங்க. பச்சைப் புண்ணோட கிடக்குது" என்றாள் இருளாயி.

"நான் என்ன கல்நெஞ்சக்காரனா? குட்டி போகுதேடி!"

கட்டாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளை அதிகம் சுட்டது. அடுத்த குட்டி போகக் கூடாது. அதற்கு இந்தக் காது தேற வேண்டும். தேறினால் போதாது, இன்னொரு ஊசி உள்ளே வரவே கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் கிழட்டு வெள்ளாட்டிடம் கேட்டாள்.

"என்னைப்போலத் தொங்கப்போட்டு மூடிக்கயேன்" என்றது ஆடு.

"மூடினா நரி வர்றது கேக்குமா?"

"எனக்கு எதுக்கு அது கேக்கணும்? அதுக்குத்தான் நீ இருக்கியே!" என்று சொல்லிவிட்டு ஆடு அசைபோடத் தொடங்கியது. இந்த ஆட்டிடம் யோசனை கேட்கப் போனோமே என்று கட்டாரி தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் கோடைமழை ஒன்று கொட்டித் தீர்த்தது. வரப்போரத்து எலி வளைக்குள் தண்ணீர் போவதைக் கட்டாரி பார்த்தாள். எலியும் குஞ்சுகளும் மிதந்துகொண்டு வெளியே வரும், பிடிக்கலாம் என்று வாசலில் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மூக்கை உள்ளே விட்டாள். துளை கொஞ்ச தூரம் கீழே இறங்கியது, பிறகு பக்கவாட்டில் மடங்கியது. தண்ணீரும் தூசியும் மடக்கிலேயே தங்கிவிட்டன.

"என்னடி, ஏமாந்தியா?" என்று உள்ளேயிருந்து எலி கேட்டது. "என் வீட்டுக் கதவே அந்த மடக்குதான்."

கட்டாரிக்குக் கோபம் வரவில்லை. மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது.

"அக்கா, என் காதுக்குள்ள இப்படி ஒரு மடக்கு வச்சுத் தர்றியா?"

எலி, "உன் காது உன் வாய்க்குப் பக்கத்திலதான இருக்கு? நல்லா இருக்கே நியாயம்!" என்றது.

கட்டாரி கீழே கிடந்த கருவேலங்கம்பை எடுத்து வாயில் குறுக்காகக் கவ்விக் காட்டினாள். பிறகு கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேலை முடியிறவரை இதை விடமாட்டேன். இந்தப் புஞ்சையில இருக்கிறவரை உன் வளையையும் தோண்டமாட்டேன். குட்டிக மேல சத்தியம்."

காவல் நாய் தன் ஆட்டுக்குட்டிகள் மேல் சத்தியம் செய்தால் எலியும் நம்பும். மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தது.

"சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. பச்சைக் குருத்தை வளைக்கிற மாதிரி வேலை இது. மெல்ல வளைச்சு வைப்பேன். இறுகிறவரை தலையை ஆட்டக் கூடாது. ஆட்டினா மடக்கு கீழே அழுந்திப் போகும். அப்புறம் எதுவும் லேசில் உள்ளே வராது, வந்தது லேசில் வெளியேயும் போகாது. காலத்துக்கும் நீதான் அனுபவிக்கணும்."

"நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கட்டாரி கம்பைக் கவ்விக்கொண்டாள்.

மந்தை மேய்ச்சலுக்குப் போனபின் எலி வலது காதில் இறங்கியது. முதலில் ஊசிப்புல்லைக் கடித்து இழுத்து வெளியே போட்டது. கட்டாரியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது, தலை அசையவில்லை. பிறகு துளையைக் கீழ்நோக்கி இறக்கி, அங்கிருந்து உள்பக்கமாக மடக்கியது. வலது காது முடிந்தது. எலி இடது காதுக்குள் பாதி உடம்பை நுழைத்து வேலையில் இருந்தபோது, எங்கோ மண் பறிக்கிற சத்தம் கேட்டது.

எந்தப் பக்கம்? கட்டாரி மெல்ல, மெல்லத் தலையைச் சாய்த்தாள். புதுக் காது கிழக்கே சாய்ந்தபோது சத்தம் கூடியது: கூட்டுப் பக்கம். நரி!

குரைக்க வாயில்லை, வாயில் கம்பு. கம்பைப் போட்டால் எலி பயந்து பாதி வேலையில் ஓடிவிடும். பாய்ந்தால் தலை ஆடும். ஒரு நாய்க்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா? கட்டாரி சாய்ந்த தலையோடு, காதில் எலி வால் தொங்க, ஒவ்வோர் அடியாக நடந்து போனாள். கூட்டின் ஓரத்தில் நரி பறித்திருந்த பள்ளத்தில், குட்டிகளுக்கும் நரிக்கும் நடுவே, அப்படியே படுத்துக்கொண்டாள்.

நரி வாய்விட்டுச் சிரித்தது. "இது என்ன கோலம்? வாயில கம்பு, காதுல வாலு! போ, போய் உன் மரத்தைப் பாத்துக் குரை."

கட்டாரி அசையவில்லை. நரி தொடையில் கடித்தது. அசையவில்லை. முதுகைக் கிழித்தது. கம்பு பல்லுக்கிடையில் நொறுநொறுத்தது, தலை மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. நரி அவளைத் தாண்டி முன்காலை உள்ளே விட்டு, ஒரு குட்டியின் காலைப் பிடித்துவிட்டது. குட்டி அலறியது.

"முடிஞ்சுது!" என்று எலி வெளியே குதித்தது. "ஆனா இறுகலை! ஆட்டிராதே, கொஞ்சம் பொறு, கொஞ்ச நேரம்தான்..."

கொஞ்ச நேரம் குட்டிக்கு இல்லை. கட்டாரி கம்பைத் துப்பினாள். எலி சொன்னது அத்தனையும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. தெரிந்தேதான் எழுந்தாள். நரியின் கழுத்தைக் கவ்வி, காது இரண்டும் படபடவென்று அடிக்க, தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டி உதறினாள். நரி பிய்த்துக்கொண்டு கண்மாய்க் கரையேறி ஓடியது.

மந்தை திரும்பியபோது கூட்டில் குட்டிகள் குறையாமல் இருந்தன. ரத்தமும் மண்ணுமாய்க் கிடந்தவளை இருளாயி மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். காத்தமுத்து நரி பறித்த பள்ளத்தைப் பார்த்தார், நாயின் முதுகைப் பார்த்தார். "இவ நடக்கிறவரை கிடை இங்கேயே கிடக்கட்டும்" என்றார்.

எலி சொன்னபடியே ஆயிற்று. மடக்கு ஆழமாக அழுந்தி அப்படியே இறுகிவிட்டது. ஊசிப்புல் சவ்வுவரை போவது குறைந்தது. ஆனால் உள்ளே போன தண்ணீரும் அழுக்கும் உண்ணியும் அங்கேயே தங்கின. கட்டாரி அடிக்கடி தலையை உதறினாள், காலால் காதைச் சொறிந்தாள். வைத்தியம் பார்க்க இருளாயி காது மடலை மேலே தூக்கிப் பிடித்து, வழியை நேராக்கி, ஆறிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடப் பழகிக்கொண்டாள். கட்டாரி ஈன்ற குட்டிகளுக்கும் அதே காது, அதற்குப் பின் பிறந்த எல்லா நாய்க்கும் அதே காது.

கட்டாரி நரிமேல் எழுந்த அந்த நாள் தொட்டுத்தான் நாயின் காது கீழே இறங்கி உள்ளே மடங்கிப் போகிறது. ஊரில் யாரையும் கிட்டே விடாத நாய்கூடக் காது வலி வந்தால், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, தன் வீட்டு மனிதரின் மடியைத் தேடி வருகிறது.