மாரப்பன் தேடிய வார்த்தை

அந்தியூரில் பாம்புக்கடிக்கென்றே சின்னதாக ஒரு மருத்துவமனை வைத்திருந்தார் டாக்டர் சென்னியப்பன். வயது ஐம்பத்தாறு. தன் இணையதளம் தேடுபவர்கள் கண்ணில் படுவதற்கு என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள ஞாயிறுதோறும் ஈரோட்டுக்குப் போவார். வகுப்பெடுத்த ரஹீமாவுக்கு முப்பது வயதுதான். அவரை இவர் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

அந்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன்பே வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"டீச்சர், என் தளம் எப்பத்தான் மேல வரும்?"

"என்ன ஆச்சுங்க டாக்டர்?"

புதன்கிழமை பர்கூர் மலையில் மாரப்பன் என்பவரின் மனைவி பாவாயியைப் பாம்பு கடித்துவிட்டது. எங்கே கொண்டுபோவது என்று மாரப்பன் போனில் தேடியிருக்கிறார். சென்னியப்பனின் மருத்துவமனை அதில் வரவே இல்லை. அதன் வாசலைத் தாண்டித்தான் வண்டி ஈரோட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் வீண். பாவாயி இன்னும் கண் திறக்கவில்லை.

"கண்ணை மூடினா அந்த வண்டிதான் ஓடுது டீச்சர். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா..."

"அவர் என்னன்னு போட்டுத் தேடினாருன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க. வகுப்பு அப்புறம்."

பாவாயி இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த மாரப்பன், கேட்டதும் போனை நீட்டினார்.

'பாம்பு கடிச்சிருச்சு எங்க போரது.'

எழுத்துப் பிழையோடு அப்படியே இருந்தது. சென்னியப்பனின் தளத்திலோ 'நச்சுமுறிவு அவசர சிகிச்சை மையம்' என்று இருந்தது. பாம்பு என்ற சொல்லே அதில் இல்லை.

அன்றைக்கே உட்கார்ந்து மாற்றி எழுதினார். தளம் மெல்ல ஏறியது. ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் போனை எடுத்துப் பார்ப்பார். இருபதாவது இடம். ஒன்பது. ஐந்து. இதற்குள் பாவாயி பிழைத்து வீடு திரும்பிவிட்டாள். அவருக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை.

"அஞ்சுலயே நிக்குது டீச்சர். பதறிக்கிட்டுத் தேடுறவங்க அவ்வளவு கீழ வந்து பார்ப்பாங்களா? இன்னும் என்ன பண்ணணும்?"

ரஹீமா தன் போனில் அவருடைய தளத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"உங்க வீட்டம்மாவைப் பாம்பு கடிச்சிருச்சுன்னு வெச்சுக்குங்க. போன் நம்பரைக் கண்டுபிடிங்க."

சென்னியப்பன் விரலால் தள்ளினார். முதலில் அவருடைய படம். பிறகு பட்டங்கள். அமைச்சர் பொன்னாடை போர்த்தும் படம். கட்டடத் திறப்பு விழா. மாநாட்டில் அவர் பேசிய பேச்சு, முழுசாக. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நம்பர் இன்னும் வரவில்லை.

"டீச்சர்..."

"வாசல்ல ஆளு வந்து நிக்குதுங்க டாக்டர். நீங்க இன்னும் உங்களை அறிமுகம் பண்ணிக்கிட்டே இருக்கீங்க."