வால் தாழ்ந்த குதிரை

"எனக்கு ஆகலீங்க, வாத்தியாரம்மா. இது குதிரையே இல்லீங்க, கழுதை."

செங்கோடன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது ஐம்பது. குதிரையோடு கூடவே ஓடி ஓடி முழங்கால் விட்டுப்போயிருந்தது.

ஹபீபா அவரைவிடச் சின்னவர். ஆனால் அரபிக் குதிரை பழக்குவதில் செங்கோடனுக்கு அவர்தான் குரு.

"என்னாச்சுங்கண்ணா?"

"வட்டத்துல வுட்டா சோகை புடிச்சவனாட்டம் நடக்குதுங்க. வாலே தூக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை போட்டி. அங்கயும் இப்படியே நடந்தா கல்யாண ஊர்வலத்துக்காரனுக்கு வித்துப்போடறேன்னுட்டாருங்க முதலாளி."

"வித்தா விக்கட்டுமே."

முகில் என்ற அந்தக் குதிரை பிறந்தபோது ஈரம் துடைத்துவிட்டவர் செங்கோடன். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே அது நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. கழுத்தை நிமிர்த்தி, வாலைத் தூக்கி, தரையில் பட்டும் படாமலும் போக வேண்டும். முந்தினால் போதும் என்கிற பந்தயக் குதிரைகள் கொடுத்துவைத்தவை.

ஹபீபா கயிற்றை வாங்கிக்கொண்டு வட்டத்துக்குள் போனார்.

முகில் கால்களை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் திட்டவில்லை. சாட்டையைத் தொடவில்லை. அவருக்கும் அலுப்புதான். கொட்டாவி விட்டபடியே கயிற்றை விட்டுப் பிடித்தார்.

திடீரென வால் எழுந்தது. குளம்புச் சத்தமே கேட்கவில்லை.

"அப்படித்தான்டா தங்கம்!" செங்கோடன் கத்தினார். "இன்னும் ஒரு சுத்து!"

வால் விழுந்தது.

"பாத்தீங்களா? தினமும் இதே கதைதானுங்க."

ஹபீபா கயிற்றைச் சுருட்டினார்.

"நல்லா ஓடுனா என்னண்ணா பண்ணுவீங்க?"

"இன்னும் நாலு சுத்து ஓட்டுவேன். வர்றப்பவே வாங்கிக்கோணுமில்லீங்க."

"சரியா ஓடலைன்னா?"

"மனசு வெறுத்துப் போயிருமுங்க. கயித்தை அவுத்துட்டு, கொட்டகைக்குக் கொண்டுபோயி, புல்லைப் போட்டுட்டு..."

முகில் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

செங்கோடன் முகிலைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க," என்றார் ஹபீபா.