ம் கொட்டுற ஊரு

ராட்சசனா? இல்ல பாப்பா, இந்தக் கதையில ராட்சசன் கிடையாது. ராட்சசன் இருந்தா வசதி. கத்தியை எடுத்து வெட்டினோமா, கல்யாணம் பண்ணி வச்சோமான்னு முடிச்சுட்டுப் போயிடலாம். இதுல இருக்கிறது எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதான், அதனால கொஞ்சம் இழுக்கும். போர்வையை இழுத்துக்கோ. காலை என் மேல போடாத. நான் நிறுத்துற இடத்துல ம் கொட்டு. கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிடுவேன்.

"ம்."

ஆங். ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. பேரு வேம்பு. வயசுல உன்னை விடப் பெரியவ, தைரியத்துல உன்னை விடச் சின்னவ. பல்லின்னா பயம். இடின்னா பயம். கோழி கொஞ்சம் சத்தமா கொக்கரிச்சா அதுக்கும் பயம். கடைக்கு அனுப்பினா, கடைக்காரர் "என்னம்மா வேணும்"னு கேப்பாரு, இவளுக்கு என்ன வேணும்னே மறந்துடும், வெறுங்கையோட திரும்பி வந்துடுவா. அவ பேசினா பக்கத்துல நிக்கிறவளுக்குக் கூட கேக்காது.

அவளுக்கு ஒரு அம்மா, காசியம்மா. ஒரு அண்ணன், சீராளன். அப்பா இல்ல. அண்ணன் வேலை முடிஞ்சு வந்து கதவைத் தட்டினாலும் யாரோன்னு நடுங்குவா. அதனால அவன் ஒரு தட்டு வச்சிருந்தான். டொக்டொக்... டொக். ரெண்டு சேத்து, ஒண்ணு தனியா. அப்படித் தட்டினா அண்ணன், தொறக்கலாம்.

"ம்."

அந்த ஊர் நடுவுல ஒரு டவர். டவர் உச்சியில ஸ்பீக்கர். தினம் விளக்கு வைக்கிற நேரத்துல டிங் டிங் டிங்னு மணி அடிக்கும். அப்போ எல்லாரும் வாசலுக்கு வந்து நிக்கணும். ஸ்பீக்கர்ல ஒரு அம்மா பேசுவாங்க. பஸ் ஸ்டாண்டுல கேட்டிருக்கியே, அந்த மாதிரி வழவழன்னு ஒரு குரல். அன்னைக்கு ஊர்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லும். சொல்லிட்டு நிறுத்தும். அப்போ ஊரே சேந்து ம் கொட்டணும்.

"என்னை மாதிரியா?"

உன்னை மாதிரிதான். நீ தூக்கத்துக்கு கொட்டுற, அவங்க தண்ணிக்கு கொட்டினாங்க. தெரு முனையில ஒரு கம்பம், கம்பத்துல ஒரு மைக். ஒரு வாய் ம் சொல்லலைன்னாலும் அதுக்குத் தெரிஞ்சுடும். மறுநாள் அந்தத் தெருக் குழாயில தண்ணி வராது. அவ்வளவுதான். அடி கிடையாது, உதை கிடையாது. டவர்காரங்க ரொம்ப நியாயமானவங்க. எதையும் ஊரைக் கேக்காம செய்ய மாட்டாங்க. ஏலம் விடுறாங்கல்ல, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு. அந்த மாதிரி ஒரு சேதியை மூணு சாயங்காலம் சொல்லுவாங்க. மூணு தரமும் ஊர் ம் கொட்டிட்டா, அது நடந்தது நடந்ததுதான். நடக்காததா இருந்தாலும் நடந்ததுதான். அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது.

அப்புறம் ஒரு நாள். ஊருக்கு வெளியில ஒரு மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏரி. ஏரித் தண்ணி வர்ற இரும்புப் பைப்பு மலைக்கு அடியில ஒரு சுரங்கம் வழியா வருது. அந்தச் சுரங்கத்தை அகலம் பண்ற வேலைக்கு சீராளன் போனான். எதிர் வீட்டு தாயாரு அக்கா புருஷன் இருசப்பனும் போனாரு. இன்னொருத்தரும் போனாரு. மத்தியானம் ஒரு சத்தம். கடகடகட... டமால். மலை அப்படியே உக்காந்துடுச்சு. உள்ள போன மூணு பேரும் வெளிய வரல.

"ம்..."

சாயங்காலம் மணி அடிச்சுது. டிங் டிங் டிங். அந்தக் குரல் சொல்லுச்சு: "சுரங்கத்தில் வேலை செய்த அனைவரும் நலமாக மேலே வந்துவிட்டார்கள். மூன்று பேர் வெளியூர் போயிருக்கிறார்கள். சுரங்க வாய் மூடப்படும்." சொல்லிட்டு நிறுத்துச்சு.

வேம்பு அம்மா முகத்தைப் பாக்குறா. அம்மா தரையைப் பாக்குறா. எதிர்ல தாயாரு அக்கா கைக்குழந்தையைப் பாக்குது. "எங்க அண்ணன் வரல"ன்னு சொல்ல வேம்பு வாயைத் தொறந்தா. தெருவே ம் கொட்டுச்சு, கூடவே அவ வாய்ல இருந்தும் ம் வந்துடுச்சு. பழக்கம். நாக்கு வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

ஒரு தரம்.

அப்புறம் விடியக்காலையில அவ குடத்தை எடுத்துட்டு தெருக் குழாய்க்குப் போனா. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போயிடுவா, கூட்டம்னாலும் பயம். தண்ணி சொர்ர்ர்னு ஊத்துது. பைப்பு மேல சும்மா சாஞ்சா. காதுல ஏதோ கேட்டுச்சு. தண்ணி சத்தத்துக்குள்ள, ரொம்ப தூரத்துல. டொக்டொக்... டொக்.

"அண்ணனா?"

அண்ணன்தான். மலைக்குள்ள உக்காந்துகிட்டு பைப்பைத் தட்டுறான். வேம்பு ஓடிப் போய் அம்மாவை இழுத்துட்டு வந்தா. காசியம்மா காதை வச்சுக் கேட்டா. ரொம்ப நேரம் கேட்டா. அப்புறம் நிமிந்து, "பைப்புல காத்து அடைச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. குடம் நெறையவே இல்ல, பாதிதான் இருந்துச்சு.

அப்புறம் வேம்பு தாயாரு அக்காகிட்ட போனா. அந்த அக்காவும் வந்து பைப்புல காதை வச்சுது. கேட்டுட்டு முந்தானையில மூஞ்சியைத் துடைச்சுது. "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு வேம்பு. ஒண்ணு பால் குடிக்குது. எனக்குத் தண்ணி வேணும். நீ என்னைக் கூப்பிட்டதை யாருகிட்டயும் சொல்லாத, நானும் சொல்லல."

ரெண்டாவது சாயங்காலம். டிங் டிங் டிங். அதே குரல், அதே சேதி. இன்னைக்கு சொல்லிடணும்னு வேம்பு நல்லா மூச்சு இழுத்தா. அப்போ பின்னாடி இருந்து அம்மா கை வந்து வாயைப் பொத்துச்சு. கெட்டியாப் பொத்துச்சு. தெரு ம் கொட்டுச்சு. அம்மாவும் கொட்டினா. அப்புறம் அம்மாவே குரலை மெல்லிசாக்கி, வேம்பு குரல் மாதிரியே, இன்னொரு ம் கொட்டினா. மைக்குக்கு கணக்கு சரியாப் போச்சு.

கையை எடுத்துட்டு அம்மா சொன்னா: "அவன் போயிட்டான். நீயாவது இரு."

ரெண்டு தரம்.

"வேம்பு அம்மா கெட்டவங்களாப்பா?"

இல்ல. கெட்டவங்களா இருந்தா கதை சொல்ல சுலபமா இருக்கும். கேளு. மூணாவது நாள் காலையில பைப்புல காதை வச்சா, சத்தம் தேய்ஞ்சு போச்சு. டொக்... டொக். ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு டொக். சுரங்க வாசல்ல சிமெண்டு கலக்குற மெஷின் வந்து நின்னுடுச்சு. ஆனா ஓட்டல. நியாயமானவங்கன்னு சொன்னேன்ல, மூணு தரம் ஆகாம ஒரு சட்டி கலவை கூட கொட்ட மாட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வேம்பு வீட்டை விட்டு நழுவிட்டா. அம்மா கைக்கு எட்டாத இடமாப் பாத்து, தெரு முனைக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கம்பத்துல ஒரு பல்லி வேற. அதைப் பாத்துட்டும் விடல.

டிங் டிங் டிங். குரல் சொல்லுச்சு. நிறுத்துச்சு. தெரு ம் கொட்டுச்சு.

வேம்பு "இல்ல"ன்னா.

கத்தல. அவளுக்குக் கத்த வராது. மைக்குக்கு அடியில நின்னா கத்த வேண்டியதில்ல, அதான் அவ யோசிச்சு வச்சது. "இல்ல. எங்க அண்ணன் மேல வரல. உள்ள தட்டிட்டு இருக்கான்." அது டவர் வரைக்கும் போய், டவர்ல இருந்து ஊர் பூரா விழுந்துச்சு. தன் குரல் எப்படி இருக்கும்னு அவளே அன்னைக்குத்தான் கேட்டா.

ஸ்பீக்கர் கரகரன்னுச்சு. அப்புறம் அந்த அம்மா கோவமே படாம சொன்னாங்க: "நல்லது. நாளை முதல் தரத்திலிருந்து தொடங்குவோம்."

மறுநாள் அந்தத் தெருவுல தண்ணி வரல. குடம் வரிசையா நிக்குது, குழாய் காஞ்சு கெடக்கு. வந்தவங்க எல்லாம் வேம்பு வீட்டைப் பாத்துத் திட்டுறாங்க. "ஊமைச்சி வாயைத் தொறந்தா பாரு, எதுக்குத் தொறந்தா பாரு." "உங்க அண்ணனுக்காக எங்க புள்ளைங்க நாக்கு வறளணுமா?" ஒருத்தர் காலிக் குடத்தை அவங்க கதவு மேல எறிஞ்சாரு. டணார். அம்மா அவகிட்ட பேசல. சோறு வச்சா, பேசல.

"அப்புறம்?"

அப்புறம் திட்டித் திட்டி வாய் காஞ்சு போச்சு. தண்ணி இல்லையே, எவ்வளவு நேரம் திட்ட முடியும். எல்லாரும் கப்சிப்னு குழாயைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்போதான் கேட்டுச்சு. இத்தனை நாளும் சொர்ர்ர்னு தண்ணி ஓடி அந்தச் சத்தத்தை அமுக்கி வச்சிருந்துச்சு. இப்போ பைப்பு காலி. காதை வைக்க வேணாம், தெருவுல நின்னாலே கேக்குது. டொக்... டொக்.

யாரும் யாரையும் பாக்கல. பைப்புல காத்துன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. தாயாரு அக்கா குழந்தையைக் கீழ விட்டுட்டு வீட்டுக்குள்ள போய் கடப்பாரையை எடுத்துட்டு வந்துச்சு. அது நடக்க, பின்னாடி ரெண்டு பேரு, அப்புறம் நாலு பேரு, அப்புறம் தெருவே. பாவம்னு போனாங்களோ, தண்ணி இல்லாம வீட்டுல வேற வேலை இல்லைன்னு போனாங்களோ, எனக்குத் தெரியாது. சுரங்க வாசல்ல நின்ன டவர் காவல்காரங்க தடுக்கல. தோண்டக் கூடாதுன்னு டவர் சொன்னதே இல்ல. யாராவது தோண்டுவாங்கன்னு டவருக்குத் தோணினாத்தானே.

ணங் ணங்னு விடிய விடியத் தோண்டினாங்க. சாயங்காலம் மணி அடிச்சப்போ அந்தத் தெரு வாசல்ல ஒருத்தரும் இல்ல. கல்லைப் புரட்டினா ஒரு கை தெரிஞ்சுது. சீராளன். உசுரு இருந்துச்சு. அந்த இன்னொருத்தருக்கும் இருந்துச்சு. இருசப்பனுக்கு இல்ல. முந்தா நாள் வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாராம்.

தாயாரு அக்கா அழல. கடப்பாரையை ஊனிக்கிட்டு நின்னு வேம்புவைப் பாத்துச்சு. "மொத நாளே சொல்லியிருக்க வேண்டியதுதானே நீ."

வேம்பு இருசப்பன் மேல கெடந்த மண்ணைக் கையால தட்டி விட்டா.

"ம்..."

தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சம்தான். அன்னைக்கு மத்தியானமே தண்ணி விட்டுட்டாங்க. சொர்ர்ர். எல்லா வீட்டுலயும் குடம் ரொம்பி வழியுது. பெருந்தன்மையா விட்டுட்டாங்களேன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க. சாயங்காலம் மணி அடிச்சுது. டிங் டிங் டிங். சீராளனைப் பாயோட தூக்கிட்டு வந்து வாசல்ல படுக்க வச்சிருந்தாங்க. பக்கத்துல வேம்பு, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு. சுரங்கத்தைப் பத்தி சொல்லுவாங்கன்னு எல்லாரும் நெனச்சாங்க. அந்தக் குரல் சுரங்கத்தைப் பத்திப் பேசவே இல்ல.

"நம் ஊரில் வேம்பு என்று ஒரு பெண் பிறந்ததே இல்லை."

நிறுத்துச்சு.

இந்தத் தரம் தெரு சேந்து கொட்டல. அப்புறம் ஒரு வீட்டுல இருந்து ம். அடுத்த வீட்டுல ம். தாயாரு அக்கா, ம். கவனிச்சுக்கோ பாப்பா, ம் சொல்றதுக்கு வாயைத் தொறக்க வேணாம். பல்லைக் கடிச்சுக்கிட்டும் சொல்லலாம், அழுதுக்கிட்டும் சொல்லலாம். அதுல இருக்கிற வசதியே அதான். காசியம்மா முந்தானையை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு நின்னா. உள்ள இருந்து ம் வந்துச்சு.

வேம்பு அண்ணனைப் பாத்தா. அண்ணன் அவ கையை இறுக்கிப் பிடிச்சான். இருமினான். ம்னு சொன்னான்.

சொல்லிட்டு மெதுவா, அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "ஒரு தரம்தானேடி. இன்னும் ரெண்டு தரம் இருக்கு, பாத்துக்கலாம். நாக்கு வறண்டா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது"ன்னான்.

அவ அவனைத் திட்டல. கையை மட்டும் மெல்ல உருவிக்கிட்டா. எந்திரிச்சு தெருவுல எறங்கி நடந்தா. ரெண்டு பக்கமும் ஆளுங்க நிக்கிறாங்க, ஒருத்தரும் அவளைப் பாக்கல. பொறக்காத பொண்ணை எப்படிப் பாக்குறது. அம்மா மட்டும், "உள்ள வாடி, உன் கால்ல விழறேன், உள்ள வாடி"ன்னு பின்னாடியே வந்து பாதியில நின்னுட்டா. வேம்பு கம்பத்துக்கிட்ட போனா. இந்தத் தரம் கட்டிப் பிடிக்கல.

"இல்ல"ன்னா. "நான் இருக்கேன்."

ஊர் பூரா விழுந்துச்சு. மறுநாள் வரைக்கும் விடல, அப்பவே குழாய் ஒரு தரம் விக்கிட்டு நின்னுச்சு. பின்னாடி தெரு கத்த ஆரம்பிச்சுது. அவ திரும்பிப் பாக்கல.

"அப்புறம் என்னப்பா ஆச்சு? அண்ணன் வந்தானா?"

அண்ணன் வந்து...

"ஏங்க, லாரி வந்துடுச்சு. குடத்தை எடுத்துட்டு சீக்கிரம் வாங்க, அந்த முனை வீட்டம்மா இப்பவே நாலு குடத்தை வச்சுட்டு நிக்குது."

வரேன்... தோ வரேன். கையை விடு பாப்பா. லாரி நம்ம கதைக்காக நிக்காது. அவ கம்பத்துக்கிட்ட நிக்கிறா. கதை அங்க நிக்குது. நீ கண்ணை மூடு.