கூரை விழுந்த கடிதம்

கடிதம் சரியான வீட்டுக்குத்தான் போனது. சொல்ல வந்ததுதான் போய்ச் சேரவில்லை.

ஒரு காலத்தில் ஜெர்மனியில், வெந்நீர் ஊற்றுள்ள ஒரு சிற்றூரில், கூரைவிழுந்தான் என்றொரு பேச்சுவழக்கு இருந்தான். வீட்டில் தனியாகக் கிடந்து சலித்தவர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "கூரை என் தலையில விழுது" என்பார்கள். கேட்டவர் யாரும் கூரையை அண்ணாந்து பார்க்கமாட்டார். "வா, வெளியே போயிட்டு வரலாம்" என்பார். நூறு வாயில் உருண்டு வழவழப்பானவன் அவன்.

அந்த ஊரில் ஓட்மார் என்பவர் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பேச்சு குறைவு. முழங்கால் வலிக்கு வெந்நீரில் குளிக்க இங்கிலாந்திலிருந்து வந்த எனிட் என்ற அம்மாள், அவர் மாடியறையில் இரண்டு மாதம் தங்கினாள். அவர் மொழி அவளுக்குத் தெரியாது. அவள் மொழி அவருக்குத் தெரியாது. மாலையானால் சீட்டாடினார்கள். ஈஸ்டருக்கு மறுபடி வருவதாகக் காலண்டரில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

ஓட்மார் கடிதம் எழுத உட்கார்ந்தார். "வந்துவிடு" என்று எழுதக் கை ஓடவில்லை. கூரைவிழுந்தானைக் கூப்பிட்டார். "நீங்கள் போனதிலிருந்து கூரை என் தலையில் விழுகிறது" என்று ஒரே வரி எழுதினார்.

"போய்ச் சொல்லிடுப்பா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

கூரைவிழுந்தானுக்கு அவரைத் தெரியும். அந்த மனிதர் ஒருமுறைதான் வாய் திறப்பார்.

எனிட் வீட்டு மேஜையில் தடித்த அகராதி ஒன்று உட்கார்ந்திருந்தது. வந்தவனை வாசலிலேயே மறித்தது.

"பையைத் திற. கூரை இருக்கு. தலை இருக்கு. விழுறது இருக்கு. சரி, போ."

"ஐயா, நான் கூரை இல்லை. அவரோட தனிமை நான்."

"தனிமையா? எங்கே? உன் பையில அப்படி ஒண்ணும் இல்லையே."

"பையில இருக்காதுங்க. ஊர்க்காரங்க என்னைக் கேட்டாலே தெரிஞ்சுப்பாங்க."

"இது உன் ஊர் இல்லை. நகரு."

எனிட் அகராதியைப் புரட்டிப் புரட்டி, பென்சிலால் சொல்லுக்குச் சொல் எழுதினாள். படித்தாள். "அடப்பாவமே, வீடு இடியுதா!" என்று மார்பில் கை வைத்தாள். ஒரு தபால் அட்டை எடுத்தாள். 'முதலில் கூரையைச் சரிசெய்யுங்கள். என் முழங்காலுக்கு ஓடத் தெரியாது. ஈஸ்டருக்கு நான் வரவில்லை.' தபால்தலையும் ஒட்டியாயிற்று. நான்கு மணிக்குத் தபால் எடுக்க ஆள் வருவான்.

கூரைவிழுந்தான் கத்திப் பார்த்தான். அந்த வீட்டில் அவன் குரல் யாருக்கும் எட்டவில்லை.

மூன்றரைக்குப் பக்கத்து வீட்டு டோரீன் டீ குடிக்க வந்தாள்.

"என்னடி எனிட், ஆளே இளைச்சுட்ட?"

"என்னத்தச் சொல்ல டோரீன். அங்கேர்ந்து வந்ததுலேர்ந்து சுவத்துல ஏறிக்கிட்டு இருக்கேன்."

இங்கிலாந்தில் தம் வீட்டில் இருப்புக்கொள்ளாதவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்வழக்கின் பெயர் சுவரேறி. எனிட் வாயிலிருந்து குதித்தவள், மேஜையில் முகம் தொங்கிக் கிடந்தவனைப் பார்த்தாள்.

"அண்ணே, எந்த ஊரு? நம்ம ஜாடையா இருக்கே!"

"கூரை விழுற ஊரும்மா."

"கூரை விழுந்தா என்ன பண்ணுவாங்க?"

"யாராவது வரமாட்டாங்களான்னு பார்ப்பாங்க."

சுவரேறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்கேயும் அதேதாண்ணே" என்றாள்.

எனிட் பென்சிலால் எழுதிவைத்த காகிதத்தை டோரீன் எடுத்துப் படித்தாள். சிரித்தாள். "நீ போனதுலேர்ந்து விழுதாமா? அதுவரைக்கும் கூரையை நீயா தாங்கிக்கிட்டு இருந்த?"

எனிட்டும் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. நீங்கள் போனதிலிருந்து. அங்கேர்ந்து வந்ததிலிருந்து. கோப்பையைக் கீழே வைத்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"டோரீன், அந்தக் கூரைக்கு ஒண்ணும் ஆகல."

பென்சிலை எடுத்தாள்.

"அண்ணே, நீங்க நிக்கிற இடத்துல நான் நிக்கணும்போல இருக்கு" என்றாள் சுவரேறி. "உங்களை அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும்."

"ஊருக்குத் திரும்ப ஆசை இல்லையா?"

"இல்லாம? ஆனா அவரு என்னைத் திரும்பி வரச்சொல்லி அனுப்பலம்மா."

பென்சில் கோடு அவன்மேல் விழுந்தது. அவன் அதன் அடியில் படுத்துக்கொண்டான். மேலே எனிட் அவர் வரியைத் தன் மொழியில் மாற்றி எழுதினாள்: 'நீங்கள் போனதிலிருந்து சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறேன்.' எழுதிவிட்டுத் தனக்குள் ஒருமுறை படித்தாள். டோரீன் பக்கம் திரும்பாமல் மூக்கைத் துடைத்தாள்.

நான்கு மணிக்குத் தபால்காரன் வந்து போனான். அட்டை எனிட்டின் ஏப்ரன் பையிலேயே இருந்தது. பயணப்பெட்டியை எங்கே வைத்தோம் என்று மாடியில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லைக்கூட நான் தப்பாச் சொல்லல" என்றது அகராதி. உண்மைதான். சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள், அந்தச் சிற்றூர் ரயிலடியில் ஓட்மார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனிட் நொண்டி நொண்டி இறங்கினாள். ஒரு வரியில் அவர் கூப்பிட்டதும், ஒரு வரியில் அவள் வந்ததும் இருவருக்கும் தெரியும். நடுவில் நின்று சேர்த்துவைத்தவளை இருவருக்குமே தெரியாது: சுவரேறி.