பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தவன்

சத்தம் போடாமல் உட்காருங்கள், கண்ணுகளா. இது சத்தத்தால் கெட்டவன் கதை.

வெகு காலத்துக்கு முன்பு, யூதர்கள் வாழ்ந்த மலையூர் ஒன்றில் எல்கானா என்று ஒருவன் இருந்தான். ஜெப ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால், அவர்களுக்கு முதுகு காட்டி நின்று வேண்டுதல் பாடுவது அவன் வேலை. குரலா அது, தேன்! அது அவனுக்கும் தெரியும், அதுதான் தொல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாவமன்னிப்பு நாளுக்கு முந்தின பிற்பகல், வேண்டுதல் முடிந்ததும் ஊரே கண்ணை மூடி உட்காரும். வெளிச் சத்தம் அடங்கும், மனச் சத்தமும் அடங்கும், அதற்கும் அடியில் கடவுளின் சொல் கேட்கும் என்பார்கள். மௌனம் கலைந்ததும் மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒருவரிடம் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்பார்கள். மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதர் மன்னிக்காமல் கடவுள் மன்னிக்க மாட்டாராம்.

எல்கானாவுக்கு ஆசேர் என்று ஒரு தம்பி. அப்பாவின் அடக்கத்துக்குத் தாமதமாக வந்தான் என்று, "இனி என் வாசப்படி மிதிக்காதே!" என விரட்டிவிட்டான் எல்கானா. பாவம், தம்பி பக்கத்து ஊருக்குக் குடிபோனான்.

அந்த வருஷ மௌனத்தில் எல்கானாவுக்குள் ஒரு சொல் எழுந்தது: 'திரும்பிப் பார்.' அதைக் கேட்கப் பிடிக்காமல் சட்டென்று ஒரு பாட்டை எடுத்தான். எல்லோரும் கலைந்து போகும்வரை பாடினான். "என்ன பக்தி!" என்று ஊர் உருகியது.

மறு வருஷமும் 'திரும்பிப் பார்' என்றது. இன்னும் உரக்கப் பாடினான்.

மூன்றாம் வருஷம் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். அதே சொல் எழுந்தது: 'திரும்பிப் பார்.'

திரும்பினான். கதவோரம் கடைசிப் பலகையில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த குயவன் நோகா எழுந்து வந்தான். "அது ஆசேர் உட்கார்ற இடம். ரெண்டு வருஷமும் வந்தான். 'அண்ணன் பாட்டு முடியட்டும், போய்க் கால்ல விழுறேன்'னு காத்துக்கிட்டே இருந்தான். நீ முடிக்கவே இல்லையேப்பா. இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்னு அவனும் கிளம்பிப் போயிடுவான். இந்த வருஷம் வரல. நேத்து காய்ச்சல்ல போயிட்டான். இன்னைக்குக் காலையில அவன் ஊர்லயே அடக்கம் பண்ணிட்டாங்க. உன் வாசப்படி மிதிச்சு யாரு வந்து சொல்லுவா?"

பொழுது சாய்வதற்குள் எல்கானா ஓடினான். அவனும் அடக்கத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தான். விரட்டவும் அங்கே ஆள் இல்லை, மன்னிக்கவும் ஆள் இல்லை. ஈர மண்ணருகே உட்கார்ந்து வெகு நேரம் காது கொடுத்துக் கேட்டான். உள்ளே ஒரு சொல்லும் எழவில்லை.

உள்ளிருந்து வரும் சொல்லைச் சத்தத்தால் மூடுகிறவனுக்கு, அதைக் கேட்கத் துணியும்போது காலம் கடந்திருக்கும்.